கப்பலில் ஃபார்மல் நைட் அன்று அப்பா வேட்டி கட்டிப் போகலாமா?

கேட்டவர் எழுதியிருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரில் கப்பல் ஏறப் போகிறார், ஐந்து ராத்திரிப் பயணம். ஒரு ராத்திரி ஃபார்மல் நைட், பெரிய உணவகத்துக்குக் கோட் சூட் அல்லது அதற்கு ஈடான உடையில் வர வேண்டும் என்று டிக்கெட்டோடு வந்த தாளில் போட்டிருக்கிறது. அப்பாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம், வயது அறுபத்தெட்டு, வேட்டி தவிர வேறு எதுவும் உடுத்திப் பழக்கமில்லை. அவருக்கு ஒரு கோட் தைக்கலாமா, இல்லை அன்றைக்கு மட்டும் மேல்தளத்து பஃபேயில் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடலாமா என்பது கேள்வி.

கோட் தைக்க வேண்டாம், பஃபேக்கும் போக வேண்டாம். நல்ல கரை வைத்த பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம், அது போதும். இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் பாளையங்கோட்டைக்காரன். கேட்டரிங் படித்துவிட்டு 2009 முதல் 2018 வரை கப்பல் உணவகங்களில்தான் வேலை பார்த்தேன், அசிஸ்டென்ட் வெயிட்டராக ஏறி ஹெட் வெயிட்டராக இறங்கினேன். சாயங்காலம் உணவகக் கதவு திறக்கும்போது யார் என்ன உடுத்தி வருகிறார்கள் என்று பார்ப்பது கடைசி மூன்று வருஷம் என்னுடைய பொறுப்பாகவே இருந்தது.

எனக்கு இந்த விஷயம் மனதில் பதிந்தது மூன்றாவது காண்ட்ராக்டில். கரீபியன் பக்கம் ஓடிக்கொண்டிருந்த கப்பல், பெயர் வேண்டாம். ஃபார்மல் நைட்டைப் பெரும்பாலும் துறைமுகம் எதிலும் நிற்காத நாளில்தான் வைப்பார்கள், ஊர் சுற்றிவிட்டு ஐந்தரை மணிக்கு வேர்த்து விறுவிறுத்துக் கப்பலுக்குத் திரும்புகிறவர்களைக் கோட் மாட்டி வா என்று சொல்ல முடியாது இல்லையா, அதனால். அன்றைக்கும் அப்படித்தான், நாள் முழுக்கக் கடல். நான் வாசலுக்குப் பக்கத்து மேசைகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற பெண், ஐரோப்பாக்காரி, ரொம்ப மரியாதையான பெண்தான், யாரையோ நிறுத்தி, கடற்கரை உடையில் உள்ளே வர அனுமதி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அப்புறம் ஒரு குரல்: "சரி விடு, மேல போயி எதாச்சும் சாப்ட்டுக்கிடலாம், வாலே."

நடுக்கடலில் "வாலே" என்ற சத்தம் கேட்டால் திருநெல்வேலிக்காரன் எவனுக்கும் கை அப்படியே நின்றுவிடும். ஜக்கை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். எழுபது வயதுக்கு மேல் ஒரு பெரியவர், பக்கத்தில் ஆச்சி, அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன். மகன் மட்டும் கோட்டில் இருந்தார், முகம் சிவந்து போயிருந்தது. பெரியவர் வெள்ளைச் சட்டையும் மயில்கண் கரை வேட்டியும்தான், நம்ம ஊரில் கல்யாணத்துக்கு வருகிற மாதிரியேதான் வந்திருந்தார். ஆனால் கீழ்த்தளத்திலிருந்து படி ஏறி வந்தவர், ஏறும்போது வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். கட்டியவர் அதை மறந்தே போய்விட்டார். அந்தப் பெண்ணின் கண்ணுக்கு நீச்சல் குளத்தில் இடுப்பில் சுற்றிக்கொண்டு வருகிற துணி மாதிரிதான் தெரிந்திருக்கும், அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஐயா, வேட்டியை இறக்கி விட்டுருங்க" என்றேன்.

குனிந்து பார்த்தார். "அட, படியில மடிச்சது தம்பி" என்று ஒரு கையால் மடிப்பை உதறி விட்டார். கரை பாதம் வரை வந்து விழுந்தது. ஒரு நொடிதான். அந்தப் பெண்ணின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்படியும் அவள் தானாக முடிவு எடுக்க முடியாது, ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டாள். அவர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: இதை உங்கள் ஊரில் எதற்கு உடுத்துவார்கள்? மாப்பிள்ளை தாலி கட்டுவதே இதை உடுத்தித்தான் என்றேன். விதிப் புத்தகத்தில் தேசிய உடையும் செல்லும் என்று ஒரு வரி இருந்தது, அவர் அதைக் காட்டி அந்தப் பெண்ணுக்கு விளக்கிவிட்டு, மூன்று பேரையும் தானே ஜன்னலோர மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆச்சி அதுவரை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தள்ளியே நின்றவர், உட்கார்ந்த பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு "நீ எந்த ஊரு பிள்ள?" என்று கேட்டார். சமாதானபுரம் ஆச்சி என்றேன். பயணம் முடிகிற வரை தினமும் அந்த மேசைக்கு நான்தான் போனேன்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது என்னவென்றால், கப்பல்காரர்கள் கேட்பதும் நாம் வீட்டில் பழகியதும் பெரும்பாலும் ஒன்றேதான். எதிரே பெரியவர்கள் வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விடச் சொல்லி யார் நமக்குத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள்? ரதவீதியில் சைக்கிளில் போகிறவர்கூட வாத்தியாரைப் பார்த்தால் காலை ஊன்றி வேட்டியை இறக்கி விடுவார். திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் முருகன் சந்நிதிக்குப் போகிறோம். இடத்துக்கு ஏற்ற உடை என்பது நமக்குப் புதுசு இல்லை.

அதே சமயம் ஆடைக் கட்டுப்பாடு என்ற பேச்சை எடுத்தாலே நம்ம பக்கத்து ஆட்கள் சிலருக்குக் கோபம் வருகிறதே, அதற்கும் நியாயம் இருக்கிறது. இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், அன்றைக்குத் திருவிதாங்கூரில் இருந்த தெற்குப் பகுதியில், மாரை மறைத்து மேலாடை போடுகிற உரிமைக்காகப் பெண்கள் பல வருஷம் அடி வாங்கிப் போராடி 1859இல்தான் அரசாணை வந்தது. தோளில் துண்டு போட்டதற்காக உதை வாங்கிய கதை எங்கள் தாத்தா தலைமுறையில் நிறைய உண்டு. அவ்வளவு ஏன், 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க கிளப்பில் வேட்டி கட்டி வந்தார் என்று உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் கொண்டுவந்தார்கள், வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், உரிமமும் ரத்தாகும். அது தமிழ்நாட்டுக்குள் இருக்கிற கிளப்புகளுக்கான சட்டம். கடலில் பஹாமாஸ் கொடியோ பனாமா கொடியோ கட்டி ஓடுகிற கப்பலில் அதைக் காட்டி வாதாட முடியாது, அங்கே அந்தக் கம்பெனியின் விதிதான் பேசும். அதனால்தான் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அந்த விதிகளும் இருபத்தைந்து வருஷத்தில் ரொம்ப மாறிவிட்டன. பழைய அட்லாண்டிக் கப்பல்களில் முதல் வகுப்புக்காரர்கள் தினமும் ராத்திரி கறுப்புக் கோட், போ டை என்றுதான் சாப்பிட வருவார்கள், முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும் மட்டும் விலக்கு, பெட்டியைப் பிரித்திருக்க மாட்டார்கள் அல்லது கட்டி முடித்திருப்பார்கள். பிற்பாடு அது வாரத்துக்கு இரண்டு ராத்திரி என்று சுருங்கியது. 2000இல் நார்வீஜியன் என்ற கப்பல் கம்பெனி "ஃப்ரீஸ்டைல்" என்று ஒரு முறையைக் கொண்டுவந்து, சாப்பாட்டுக்கு நேரக் கட்டாயமும் இல்லை, கோட் கட்டாயமும் இல்லை என்றது. 2015 கடைசியில் செலிப்ரிட்டி என்ற கம்பெனி ஃபார்மல் நைட் என்ற பெயரையே எடுத்துவிட்டு "ஈவினிங் ஷிக்" என்று வைத்தது. கார்னிவலில் "க்ரூஸ் எலிகன்ட்" என்பார்கள். வைக்கிங்கில் ஃபார்மல் நைட்டே கிடையாது. பழைய முறையை இன்னும் விடாமல் வைத்திருப்பது குனார்ட், 1840இல் தொடங்கிய கம்பெனி, காலா ஈவினிங் என்கிற அவர்களுடைய ஃபார்மல் நைட்டில் இன்றைக்கும் பிளாக் டை, அதாவது கறுப்புக் கோட்டும் போ டையும், அல்லது அடர் நிற சூட்தான். அவர்களே தேசிய உடைக்கும் இடம் கொடுக்கிறார்கள்.

ஏன் தளர்ந்தது என்று கேட்டால், ஃபேஷன் மாறியது ஒரு காரணம், ஆனால் நான் உள்ளே இருந்து பார்த்த வரை பெட்டியின் எடைதான் பெரிய காரணம். விமானத்தில் 23 கிலோதான் என்று வந்த பிறகு, ஒரே ஒரு ராத்திரிக்காகக் கோட்டும் ஷூவும் யார் தூக்கி வருவார்கள்? கொண்டுவந்தாலும் கசங்கிப் போயிருக்கும், கேபினில் இஸ்திரிப் பெட்டி வைக்க விட மாட்டார்கள், தீப்பிடிக்கும் என்ற பயம். அப்புறம் குழந்தை குட்டிகளோடு வருகிற குடும்பங்கள் அதிகமாகிவிட்டன, ஆபீசுக்கே டை கட்டாதவர்கள் விடுமுறைக்குக் கட்டுவார்களா. இது எல்லாம் நல்லதுக்குத்தான். கோட் இல்லாத ஒரே காரணத்துக்காக நல்ல மனிதர்கள் வாசலோடு திரும்பிப் போவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அது நின்றதில் எனக்குச் சந்தோஷம்.

ஆனால் என்ன வேண்டுமானாலும் போட்டு வரலாம் என்று விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தனியாகக் காசு கட்டிச் சாப்பிடுகிற உணவகங்கள், ஸ்டேக் ஹவுஸ், பிரெஞ்சு உணவகம் மாதிரியானவை, இவற்றில் ஒன்றில்தான் நான் கடைசியாக இருந்தேன். ஒரு ராத்திரி ஒரு தம்பதி வந்தார்கள், கல்யாணமாகி ஐம்பதாவது வருஷம். அந்த அம்மா தன் கல்யாணத்தில் போட்ட லேஸ் சால்வையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து போர்த்தியிருந்தார், துணி பழுத்து லேசாக மஞ்சள் ஏறியிருந்தது, அந்த ஐயா நாற்காலியை இழுத்துப் போடும்போதெல்லாம் சால்வை மாட்டிக்கொள்ளுமோ என்று கையால் பிடித்தே இருந்தார். பக்கத்து மேசைக்கு நீச்சல் குளத்திலிருந்து நேரே எழுந்து வந்த ஒருவர், கையில்லாத பனியன், ஈர ஷார்ட்ஸ். அவர் போன பிறகு குஷனை மாற்றி, கீழே கார்பெட்டைத் துடைத்தோம். அவரைத் தடுக்க வாசலில் இருந்தவருக்குத் தைரியம் வரவில்லை, விதி தளர்ந்துவிட்டதே என்ற குழப்பம். அந்த அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு அது எந்த மாதிரியான ராத்திரி என்று நமக்குத் தெரியாது, அந்த ஒரு மணி நேரத்துக்கு உலர்ந்த, துவைத்த, கை வைத்த சட்டையும் முழு நீள உடையும் கேட்பது அதிகம் என்று நான் நினைக்கவில்லை. இப்போது ஊரில் கல்யாணக் கேட்டரிங் செய்கிறேன், பந்தியில் இலை போடும்போதும் இதே எண்ணம்தான் எனக்கு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எந்தக் கப்பல் என்று நீங்கள் சொல்லவில்லை. டிக்கெட் போட்ட ஏஜென்ட்டிடம் வாய் வார்த்தையாகக் கேட்காமல், கப்பல் கம்பெனிக்கே ஒரு மெயில் போடுங்கள். அப்பா பட்டு வேட்டி கட்டி நிற்கிற கல்யாணப் போட்டோ ஒன்றை இணைத்து, இது எங்கள் தேசிய உடை, ஃபார்மல் நைட்டுக்குச் சரிதானே என்று கேளுங்கள். பதிலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் நிற்கிறவர் புது ஆளாக இருந்தால் உதவும். லுங்கி எந்த ராத்திரியும் எந்த உணவகத்துக்கும் வேண்டாம், கேபினோடு சரி.

கப்பல் லேசாக ஆடும் என்பதால் ஒட்டிக்கோ வேட்டி நல்லது, அதற்கு மேல் பெல்ட்டும் போட்டுவிடுங்கள். கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டியைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே மடிப்புக் கலையாமல் வையுங்கள், கசங்கினால் கப்பல் லாண்டரியில் காசு கொடுத்துத் தேய்த்து வாங்கலாம், ஆனால் ஃபார்மல் நைட் அன்று காலையிலேயே கொடுத்துவிட வேண்டும், மத்தியானம் கொடுத்தால் கூட்டத்தில் வந்து சேராது. காலுக்குத் தோல் செருப்பு அல்லது ஷூ, ரப்பர் செருப்பு வேண்டாம்.

அம்மாவைப் பற்றிக் கவலையே படாதீர்கள், சேலையை எந்தக் கப்பலிலும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. கனமான காஞ்சிபுரம் பட்டுதான் வேண்டும் என்றும் இல்லை. வீரவநல்லூர் செடிபுட்டா இருந்தால் கொண்டுபோகச் சொல்லுங்கள், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான். பெட்டியில் எடையும் வராது, அந்தச் செடி வேலைப்பாட்டைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். உணவகத்தில் ஏசி கடுமையாக இருக்கும், ஒரு சால்வை அவசியம்.

பெரிய உணவகங்களின் வாசல் முக்கால்வாசி படிக்கட்டுப் பக்கம்தான் இருக்கும். அப்பா படி ஏறும்போது மடித்துக் கட்டிவிடுவார், அவரை அறியாமலே கை போய்விடும். அன்றைக்கு மட்டும் லிஃப்டில் கூட்டிக்கொண்டு போங்கள்.