மின்தடையில் விழுந்த ஹீலரும் லீடரின் ஏச்சும்

கேள்வி: எனக்கு வயது 21, இலங்கையின் நிலாவெளியில் வசிக்கிறேன். வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் விளையாட்டில், ஐரோப்பிய சேவையகத்தில் உள்ள ஒரு தமிழ் கில்டில் (விளையாடுவோர் குழுவில்), மற்றவர்களின் காயத்தை ஆற்றும் ஹீலராக இருக்கிறேன். குழுவாகச் சேர்ந்து போகும் பெரிய சண்டையான ரெய்டை நடத்தும் எங்கள் லீடர் இலண்டனில் இருக்கும் ஓர் அண்ணா. இரண்டு வாரங்களுக்கு முன் மிகக் கடினமான நிலையான மித்திக் ரெய்டில் பொஸ் என்கிற பெரிய எதிரி விழப்போகும் நேரத்தில் எங்கள் பகுதியில் மின்சாரம் நின்றுவிட்டது. நான் திரும்பி வருவதற்குள் என்னை நீக்கிவிட்டு வேறொருவரை எடுத்து பொஸ்ஸையும் முடித்துவிட்டார்கள். பொஸ்ஸிடமிருந்து விழும், எனக்கென்று சொல்லி வைத்திருந்த பொருள் அவருக்குப் போய்விட்டது. மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் அண்ணா என்னைப் பொறுப்பில்லாதவன் என்று ஏசினார். சண்டை நடக்கும்போதும் "போடு, ஓடு, நில்" என்றுதான் பேசுவார். இப்போது நகரத்தில் ஒருவர் 25,000 ரூபாயும் என் கணக்கு விபரமும் கொடுத்தால் பெரிய கில்ட் ஒன்றில் இடம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். போகலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போக வேண்டாம். அந்த நபரிடம் ஏற்கனவே கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், இதை வாசித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் எழுந்துபோய் அதை மாற்றிவிட்டு வாருங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இனி மரியாதை விடயம். உங்கள் மனத்தாங்கலில் இரண்டு வேறு சங்கதிகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. சண்டைக்குள் அண்ணா பேசிய விதம் ஒன்று. மறுநாள் பேசியது மற்றொன்று. முதலாவதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை.

நிலாவெளிக்காரரான உங்களுக்குக் கரைவலை இழுப்பதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்பாப் பாட்டோடு ஆறுதலாக வந்துகொண்டிருந்த கயிறு, மடி கரையை நெருங்கும் நேரத்தில் ஒரு பக்கம் முந்திவிட்டால் மீன் மறுபக்கத்தால் போய்விடும் என்பதால், அப்போது தகப்பன் வயதுள்ளவரைப் பார்த்துக்கூட "விடு, விடு, இப்ப இழு" என்றுதான் சத்தம் வரும். அதை யாரும் அவமரியாதையாக எடுப்பதில்லை. ஆனால் மீனைக் கூறு போட்டு முடிந்த பிறகு, தேநீர்க் கடை வாசலில் வைத்து வலைக்குச் சொந்தக்காரரான அதே சம்மாட்டி ஒருவனைச் சோம்பேறி என்று நாலு பேர் கேட்கச் சொன்னால், அடுத்த நாள் அவன் வேறு வலைக்குப் போய்விடுவான். ரெய்டும் அப்படித்தான். இருபது பேர் நிற்கும் சண்டையில் "தம்பி, தயவுசெய்து சற்று இடப்பக்கம் நகர முடியுமா" என்று ஒரு லீடர் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேர் இறந்திருப்பார்கள். ஆகவே சண்டைக்குள் வரும் ஒருமையையும் கட்டளையையும் மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் குரல் உண்மையிலேயே உங்கள் கையை நடுங்க வைக்கிறது என்றால், நீங்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கோர்ட் செயலியில் அவருடைய ஒலியளவை மட்டும் தனியாகக் குறைத்துக்கொள்ளலாம். மற்றவர் யாருக்கும் அது தெரியவராது.

அதேவேளை, இங்கிருந்து ஐரோப்பிய சேவையகத்துக்குச் செய்தி போய்த் திரும்புவதற்குப் பொதுவாக 150 மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்கும் என்பதையும், குரலும் அதுபோலவே பிந்தி வரும் என்பதையும் இலண்டனில் இருந்துகொண்டு பேசுபவர்கள் பல வேளைகளில் மறந்துவிடுகிறார்கள். அவர் "ஓடு" என்று சொன்ன கணத்தில் நீங்கள் ஓடவில்லை என்றால் அது பெரும்பாலும் சோம்பல் அல்ல. தூரத்தில் இருப்பவர்களுக்காகக் கட்டளையை ஒரு மூச்சு முன்னதாகச் சொல்வது நல்ல லீடருக்கு அடையாளம். அப்படிச் சொல்லும்படி நீங்கள் கேட்பதில் பிழையே இல்லை.

மறுநாள் நடந்தது வேறு. ஒருவருடைய தவறைப் பற்றிப் பேச வேண்டுமானால் தனியாகப் பேச வேண்டும், அதற்கும் முன்னால் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். உங்கள் அண்ணா இரண்டையும் செய்யவில்லை. யார் எந்த விநாடியில், எதனால் இறந்தார் என்பதை வோர்கிராஃப்ட் லொக்ஸ் போன்ற தளங்கள் பதிவுசெய்து வைக்கின்றன. அது நோயைக் கண்டுபிடிக்க வந்த கருவி, பல லீடர்களோ அதைப் பிரம்பாக்கிக்கொண்டார்கள். நானும் சில காலம் அப்படித்தான் இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதிவைப் பொதுவில் ஒட்டி, ஒருவரின் பெயருக்குக் கீழே சிரிப்புக்குறி போட்ட அந்த வாரம் எங்கள் குழுவில் இருந்த மிகச் சிறந்த ஹீலர் சொல்லாமல் கொள்ளாமல் போனார். அவருக்குப் பதிலாக ஓர் ஆளைத் தேட எனக்கு இரண்டு மாதம் எடுத்தது.

மின்தடை பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இருந்து ரெய்டுக்குப் போகும் எல்லோருக்கும் இது ஒரு நாள் நடக்கத்தான் போகிறது. பொஸ் நிற்கும்போது இடையில் போகக்கூடாது என்பது விதி. மின்தடை அதற்கு விலக்கு. ஆனால் எல்லா மின்தடையும் விலக்கு அல்ல. முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட மின்வெட்டு என்றால், அதைத் தெரிந்துகொண்டே ரெய்டுக்கு வந்து பாதியில் மறைவது உங்கள் பிழையே தவிர மின்சாரத்தின் பிழை அல்ல. 2022 இல் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தில்கூட, அட்டவணையை லீடருக்கு அனுப்பிவிட்டு "இன்று என்னை பென்ச்சில் போடுங்கள்", அதாவது மாற்று ஆளாக வையுங்கள் என்று சொன்னவர்களின் இடம் போகவில்லை, சொல்லாதவர்களின் இடம்தான் போனது. அறிவிப்பில்லாமல் நின்றதென்றால், ஐந்து நிமிடத்துக்குள் கைத்தொலைபேசியில் இருந்து ஒரே ஒரு வரி போட வேண்டும். "கரண்ட் போச்சு, காத்திருக்க வேண்டாம்" என்பது போதும். அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம், ஏனெனில் காத்திருப்பதா வேண்டாமா என்று தெரியாமல் 19 பேரை நிறுத்தி வைப்பதுதான் உண்மையான அவமரியாதை. நீங்கள் அப்படி ஒரு வரி போட்டதாகக் கேள்வியில் சொல்லவில்லை. போட்டிருக்காவிட்டால், அண்ணாவின் கோபத்தில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னும் ஒன்று. ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, மேசைக் கணினியை வெறுமனே சுவரில் செருகி வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மின்சாரம் நின்றதும் வைஃபை எரிந்துகொண்டிருக்கும், கணினி இருட்டில் கிடக்கும். மடிக்கணினி என்றால் ரவுட்டருக்கு மட்டும் போதும். மேசைக் கணினி என்றால் இரண்டுக்கும் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் நம்ப மறுப்பார்கள் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றதற்குப் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொடுகையுற்றதே காரணம் என்று அமைச்சர் சொன்ன செய்தியை அனுப்பியபோது, ஜேர்மனியில் இருந்த எங்கள் டாங்க் (முன்னால் நின்று அடி வாங்குபவர்) அதைப் பகிடி என்றே நினைத்தார்.

உங்களை நீக்கி வேறொருவரை எடுத்தது அவமரியாதை அல்ல. மித்திக் நிலை 2014 இல் வந்த நாளிலிருந்து இருபது பேருக்கென்றே அளந்து செய்யப்பட்டது. மற்ற நிலைகளைப் போல ஆட்தொகைக்கு ஏற்ப அது இளகிக் கொடுக்காது. பொஸ் விழும்போது குழுவில் இல்லாதவருக்கு அந்தப் பொருளில் விளையாட்டின் கணக்கில் உரிமையும் இல்லை. "உனக்குத்தான்" என்று சொல்லி வைத்திருந்தது வாய்ப்பேச்சு. அடுத்த முறை அது விழும்போது உங்களுக்கு முன்னுரிமை தரும்படி கேட்கலாம், அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலண்டனில் இரவு எட்டு மணிக்கு ரெய்ட் என்றால் நமக்குக் கோடையில் நள்ளிரவு 12.30, குளிர்காலத்தில் 1.30. மார்ச்சிலும் ஒக்டோபரிலும் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. அந்த வாரம் "பிந்தி வந்தான்" என்று ஏச்சு வாங்காத இலங்கையரை நான் கண்டதில்லை. அந்த நேரத்தில் வீட்டில் மின்விசிறியும் வெளியில் நாய்களும் போடும் சத்தம் 19 பேரின் காதுக்கும் போகும் என்பதால், விசையை அழுத்தினால் மட்டும் குரல் போகும்படி மைக்கை அமைத்துக்கொள்ளுங்கள். லீடருக்கு நீங்கள் செய்யக்கூடிய மிக மலிவான மரியாதை அதுதான்.

இப்போது அந்த 25,000 ரூபாய்க்கு வருகிறேன். நகரத்தில் கணினி விளையாட்டு நிலையம் நடத்திய ஆண்டுகளில் இப்படிப்பட்ட தரகர்களை வாசல் வரை பார்த்திருக்கிறேன். பேச்சு எப்போதும் ஒன்றுதான்: பெரிய கில்டின் லீடரை நேரில் தெரியும், ஒரே ஓர் இடம்தான் மீதி, இன்றைக்கே முற்பணம் வேண்டும், "கியர் பார்க்க", அதாவது உங்கள் ஆயுதமும் கவசமும் பார்க்க, கணக்கு விபரம் வேண்டும். கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டுவார். அது யாரோ ஒருவருடைய படம். முற்பணம் போன பிறகு நடப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆளே மறைவார். மற்றது இதைவிட மோசம்: உங்கள் கணக்கில் முன்பின் தெரியாத ஒருவர் நுழைந்து உங்கள் பெயரில் விளையாடுவார், விளையாட்டில் நீங்கள் சேர்த்த தங்கத்தை வேறெங்கோ அனுப்புவார், யாரையாவது தூஷணத்தில் ஏசுவார். கெட்ட பெயர் உங்களுக்கு. கணக்கு முடக்கப்பட்டால், கடவுச்சொல்லை நானே கொடுத்தேன் என்று நிறுவனத்திடம் சொல்லவும் முடியாது, ஏனென்றால் கணக்கைப் பகிர்வதே விதிமீறல். உண்மையான பணத்துக்கு ரெய்ட் இடம் விற்பதும் தடை. 2022 ஜனவரி இறுதியில், விளையாட்டுத் தங்கத்துக்குக்கூடப் பல சேவையகங்களில் கடை விரித்து இடம் விற்கும் அமைப்புகளையும் விளையாட்டை நடத்தும் பிளிசார்ட் நிறுவனம் தடைசெய்தது. எந்த நல்ல கில்டும் இடத்துக்குப் பணம் கேட்பதில்லை. விண்ணப்பம் இலவசம், சில வாரம் சோதனைக்காலம், அதன் பிறகு நிரந்தர இடம், வழக்கம் அவ்வளவுதான்.

ஒருவேளை அவர் சொன்னபடியே உங்களை உள்ளே கொண்டுபோய் விட்டாலும், அங்கே உங்களுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று யோசித்தீர்களா? பணம் கட்டி வருபவரைப் பல குழுக்கள் சண்டை தொடங்கியதும் ஓரமாகப் போய் இறந்து கிடக்கச் சொல்லும், குறுக்கே நின்று இடைஞ்சல் தரக்கூடாது என்பதற்காக. ஹீலராக இருபது பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நீங்கள், 25,000 ரூபாய் கொடுத்துத் தரையில் கிடப்பீர்கள்.

இதெல்லாம் நடந்த பிறகு முறையிடலாமே என்று நினைப்பீர்கள். முறையிடுங்கள், ஆனால் நம்பிக் காத்திருக்காதீர்கள். என் அனுபவத்தில் முறைப்பாட்டுக்கு முதலில் வருவது இயந்திரம் எழுதிய நன்றிக் கடிதம், இரண்டாவதாக வருவதும் அதுவே. ஆங்கிலத்தில் நாலெழுத்துக் கெட்ட வார்த்தை போட்டால் உடனே நட்சத்திரக்குறி விழுகிறது. தமிழில் ஒருவனுடைய தாயை இழுத்து மூன்று வரி எழுதினாலும் ஒன்றும் ஆவதில்லை. டிஸ்கோர்டில் குரலில் ஏசியது விளையாட்டு நிறுவனத்தின் காதுக்கே போகாது. கோடிக்கணக்கில் சம்பாதிப்பவர்கள், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரை வேலைக்கு வைக்க ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆகவே உங்கள் அண்ணாவோடுதான் பேசித் தீர்க்க வேண்டும். ரெய்ட் முடிந்த கையோடு அல்ல, அடுத்த நாள் அவருக்கு வேலை இல்லாத நேரத்தில், தனிச் செய்தியாக. கிட்டத்தட்ட இப்படி எழுதலாம்: "அண்ணா, அன்று கரண்ட் போனபோது உடனே சொல்லாதது என் பிழை. இனி போனில் இருந்து உடனே எழுதுவேன். காத்திருக்காமல் வேறு ஆளை எடுங்கள், எனக்கு மனவருத்தம் இல்லை. ஆனால் எல்லோர் முன்னாலும் பொறுப்பில்லாதவன் என்று சொன்னது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இனி என் பிழை எதுவாக இருந்தாலும் தனியாகச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்." இதற்கு அவர் சமாதானமாக ஒரு வரி எழுதினாலும் போதும், இருந்துவிடுங்கள். பதிலே இல்லாமல் அடுத்த ரெய்டிலும் அதே ஏச்சு தொடர்ந்தால், அந்த வாரத்துக்குரிய ரெய்டை முடித்துக் கொடுத்துவிட்டு, சொல்லிக்கொண்டு விலகுங்கள். ஐரோப்பிய சேவையகத்தில் புதன்கிழமைதான் புதிய ரெய்ட் வாரம் தொடங்குகிறது. செவ்வாயன்று சொன்னால் அவர்களுக்கு ஆள் தேட ஒரு நாளாவது கிடைக்கும்.