ஒழுகும் பைப்பும் முந்நூற்று நாற்பது வீடியோவும்

வீட்டு வேலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு ஃப்ளாட்டின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். குசினிப் பைப் மூன்று மாதமாக ஒழுகுகிறது. கொமட் தாங்கியில் தண்ணீர் ஓடும் சத்தம் இரவிலும் நிற்பதில்லை. இந்தச் சின்ன வேலைக்கெல்லாம் பைப் திருத்தும் பாஸ்மார் வருகிறார்கள் இல்லை. நானே பழகுவோம் என்று யூடியூபில் ஒவ்வொன்றாகச் சேமிக்கத் தொடங்கி, இப்போது 340 வீடியோ பார்க்காமல் கிடக்கிறது. பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுப் பார்க்க இருந்தால் கண் சொருகிவிடும். விட்டுவிடவும் மனம் கேட்கவில்லை. எந்த ஒழுங்கில் பார்த்து முடிக்கலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முடிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் பழுதாகிக் கிடப்பவை இரண்டு. அதில் ஒன்றுக்கு வீடியோவே தேவையில்லை.

முதலில் கொமட் தாங்கி. கேசரிக்குப் போடும் கலரில் கொஞ்சம் தாங்கித் தண்ணீரில் கரைத்துவிட்டு, அரை மணித்தியாலம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் நடுக்குழாயின் வாய்க்கு மேலால் வழிந்து போகிறது என்றால் மிதவை உயரமாக நிற்கிறது. மிதவையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் ஓட்டம் நின்றுவிடும். தண்ணீர் குழாய் வாய்க்குக் கீழேயே நிற்க, கொமட்டுக்குள் கலர் தெரிந்தால் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. அதைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், அதே அளவில் புதியதை வாங்குங்கள்.

இனிப் பைப். அதன் கீழே ஒரு லீட்டர் போத்தலை வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் நிரம்பினால் நாளுக்கு 24 லீட்டர், மாதத்துக்கு 720 லீட்டர். தண்ணீர் பில்லில் ஓர் அலகு என்பது 1000 லீட்டர். மூன்று மாதமாக எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் வீடியோவை விட்டுவிட்டுப் பைப்புக்கு வாருங்கள் என்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது எங்கள் வீட்டுக் குளியலறைப் பைப் ஒழுகத் தொடங்கியது. பாஸ் வர வழியில்லை, கடையும் பூட்டு. அப்பாவின் ஆயுதப் பெட்டியில் ஒரு ஸ்பானரும் நாலைந்து வாஷரும் கிடந்தன. ஒரேயொரு வீடியோவைத் தெரிந்தெடுத்து, போனைச் சவர்க்காரத் தட்டில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி நிறுத்திச் செய்தேன். அதே வீடியோவை ஏழு தடவையாவது ஓட விட்டிருப்பேன். அதற்கு முன்னரும் இப்படி எத்தனையோ வீடியோவைக் கட்டிலில் கிடந்து பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை. அன்று கையால் செய்தது மட்டும் இன்றுவரை மறக்கவில்லை. திருத்தும் வீடியோவைப் பழுதுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும் என்று நான் நம்புவது அந்த அனுபவத்தால்தான்.

சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். தண்ணீர் வோல்வ் எங்கே என்று முதலில் தேடுங்கள். பேஸினுக்குக் கீழே இருக்கலாம், இல்லாவிட்டால் வெளியே மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அதைப் பூட்டிவிட்டுப் பைப்பைத் திறந்து, மிச்சத் தண்ணீரை ஓட விடுங்கள். மூன்றாம் மாடி என்பதால் இதில் அவசரம் கூடாது, கீழ் வீட்டுக்காரரின் சீலிங் நனைந்துவிடும். திருகாணி விழுந்து ஓடாமல் பேஸின் ஓட்டையில் ஒரு பழந்துணியை அடையுங்கள். கைப்பிடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் தலைப் பகுதியை ஸ்பானரால் திருப்பினால் அடியில் கறுப்பு வாஷர் தெரியும். காலி வீதி ஹாட்வெயார் கடையில் அதைக் காட்டிக் கேளுங்கள், அளவு பெரும்பாலும் அரை அங்குலம். புது வாஷரைப் போடுவதற்கு முன் பைப்புக்குள்ளே விரலை விட்டு, வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பைத் தடவிப் பாருங்கள். அதில் கீறலோ பள்ளமோ இருந்தால் எத்தனை வாஷர் மாற்றினாலும் ஒழுகும். அப்போது பைப்பையே மாற்றுவது நல்லது. கைப்பிடி கால் சுற்றோடு நின்றுவிடும் பைப்பில் வாஷர் இருக்காது. உள்ளே இருக்கும் செரமிக் துண்டை முழுதாக மாற்ற வேண்டும். எந்த வகை என்று பார்த்த பிறகு அதற்குரிய வீடியோவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற 339ஐயும் அழித்துவிடுங்கள். ஏதாவது உடையும்போது தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும்.

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்து வீடு. கதவுப் பிணைச்சல் எல்லாம் கிறீச்சிடுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: வேண்டாம். சில நாள் சத்தம் நிற்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். உப்புக் காற்றில் இரும்புப் பிணைச்சல் நிலைக்காது. மாற்றும்போது பித்தளையில் வாங்குங்கள், திருகாணியும் பித்தளையாக இருக்கட்டும்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் எங்களுடையது பழைய வீடு. ஒரு பிளக் பொயின்ட் சூடாகிறது, லேசாகக் கருகல் மணமும் வருகிறது. புதியதை மாற்ற அமெரிக்க வீடியோ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதில் கறுப்பு வயரில்தான் கரண்ட் என்கிறார்கள். எங்கள் சுவருக்குள் சிவப்பு, கறுப்பு, பச்சை இருக்கிறது. அப்படியே செய்யலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, செய்யாதீர்கள். கேட்டு எழுதியது நல்லதாய்ப் போயிற்று.

அங்கே கறுப்பு கரண்ட் வயர், வெள்ளை நியூட்ரல். உங்கள் வீட்டில் இருப்பது பழைய பிரித்தானிய முறை: சிவப்பில் கரண்ட், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். இப்போது போடும் வயரிங்கில் மண்ணிறம் கரண்ட், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது ஏர்த். அந்த வீடியோவை நம்பினால் கரண்ட் உள்ள சிவப்பு வயரை ஒன்றுமில்லை என்று தொட்டுவிடுவீர்கள். அங்கே சாதாரணப் பொயின்டில் வருவது 120 வோல்ட், நம் வீட்டில் 230 வோல்ட். பழைய வீட்டில் யாரோ ஒருவர் இடையில் நிறம் மாற்றி இணைத்திருக்கவும் கூடும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பியும் கைவைக்கக் கூடாது.

பைப்பில் பிழை விட்டால் தரைதான் நனையும். கரண்டில் விடும் பிழையைத் திருத்த இன்னொரு தடவை கிடைக்காது. அதனால் எத்தனை நல்ல வீடியோ என்றாலும் சுவருக்குள் போகும் வயரிங் வேலையை நான் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பொயின்ட் சூடாவது பெரும்பாலும் உள்ளே திருகாணி தளர்ந்ததால், அல்லது மல்டி பிளக் வைத்து அயனையும் கேத்திலையும் ஒன்றாகப் பாவிப்பதால். எது என்று தகுதியான எலக்ட்ரீஷியன் ஒருவர் திறந்து பார்க்கட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் ட்ரிப் சுவிட்சில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அமத்துங்கள். சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் அதையும் மாற்றச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்து பாருங்கள். அவர் வரும்வரை அந்தப் பொயின்டில் போன் சார்ஜரைக்கூடக் குத்தாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதன் மேல் ஒரு டேப்பும் ஒட்டிவிடுங்கள்.