காலி பாட்டிலை வீட்டிலேயே அலங்கார விளக்காக மாற்ற முடியுமா? நூல் கட்டி அறுப்பது சரிவருமா?

தாராளமாக மாற்றலாம். நூலை மட்டும் விட்டுவிடுங்கள்.

வீடியோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தின்னரில் நனைத்த நூலைச் சுற்றி, பற்றவைத்து, வாளித் தண்ணீரில் முக்கினால் பாட்டில் டக்கென்று இரண்டாகும். ஆகும்தான், எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. சூட்டில் விரிந்த கண்ணாடி திடீர்க் குளிர்ச்சியில் சுருங்கும்போது விரிசல் விடுகிறது. பாட்டிலின் கனம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்காது என்பதால், அந்த விரிசல் நூலை விட்டு விலகித் தன் போக்கில் ஓடும். "நான் அப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். சரி, உங்கள் கைராசி.

விளக்குக்குப் பாட்டிலை அறுக்கவே தேவையில்லை. அடிப்பாகத்தை ஒட்டி வயர் நுழைய ஒரு ஓட்டை போதும். ஹார்டுவேர் கடையில் கண்ணாடிக்கான டைமண்ட் பிட் (டிரில்லில் மாட்டும் துளைமுனை), 10 மி.மீ. என்று கேளுங்கள். தண்ணீர் புழங்கும் வேலை, அதனால் பேட்டரி டிரில் நல்லது. தட்டித் தட்டித் துளைக்கும் ஹாமர் மோடை அணைத்துவிடுங்கள். பாட்டிலை ஈரத் துண்டின்மேல் படுக்கவைத்து, பிட்டைச் சாய்த்துப் பிடித்து, பிறை வடிவில் தடம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்த வேண்டும். பக்கத்தில் ஒருவர் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுப்பாக வழியும். பிட் கண்ணாடியைத் துளைத்து உள்ளே இறங்கப்போகும் நேரத்தில் அழுத்தினால் உள்பக்கம் சில்லு பெயரும், அங்கே கையைத் தளர்த்துங்கள். பிறகு விளிம்பை 220, அடுத்து 400 நம்பர் வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரத்தோடு தேயுங்கள். உலரத் தேய்த்தால் தூள் நேராக மூச்சில் ஏறும். மாஸ்க்கும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம்.

உள்ளே குண்டு பல்பு வேண்டாம், சூடு தாங்காது. எல்இடி சீரியல் லைட் போதும். ஓட்டையில் ரப்பர் புஷ் (விளிம்பை மூடும் ரப்பர் வளையம்) மாட்டாவிட்டால் விளிம்பு வயரின் தோலை அறுத்துவிடும்.

என் நாத்தனார் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு மாடிப்படி நெடுகப் படிக்கு ஒன்றாக வைத்துக் கொடுத்தேன். பச்சை, பழுப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றி. சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டதும் வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்று போட்டோ எடுத்தார்கள். என் பெரியம்மா மட்டும் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பந்தியில் பத்துப் பேர் கேட்க, "ஏன் கண்ணு, மாப்பிள்ளை இவ்வளவு குடிக்கிறாரா?" என்றார். என் வீட்டுக்காரர் டீ கூடக் குடிக்க மாட்டார். எல்லாம் பழைய பேப்பர் கடையில் காசு கொடுத்து வாங்கியவை என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது?

அந்தக் கடையிலும் இப்போது பழைய விலை இல்லை. காலி மது பாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் என்ற திட்டம் உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து 2022-இல் நீலகிரியில் தொடங்கி, மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. நல்ல திட்டம், காட்டில் உடைந்த சில்லு யானைக் காலில் ஏறாமல் இருந்தால் சரி. நான் அதை எதிர்க்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். எங்கள் கடைக்காரர் அதையே காரணம் சொல்லி விலையை ஏற்றிவிட்டார், அவ்வளவுதான். இந்த லட்சணத்தில் விளக்கு 400 ரூபாய் என்றால், "குப்பையில் கிடந்த பாட்டிலுக்கா?" என்கிறார்கள். பிட் தேய்வது, சீரியல் லைட், என் முதுகுவலி எதுவும் கணக்கில் வராது.

முதல் பாட்டிலுக்குக் கனமான பழச்சாறு பாட்டிலாக எடுங்கள். பெரியம்மாக்களுக்குப் பதில் சொல்லும் வேலையாவது மிச்சம்.