விபத்துக்குப் பின் கடனில் வரும் கார்

தம்பி, லண்டனுக்கு வந்து ஆறு மாதமே ஆன நிலையில், சிவப்பு விளக்கில் நின்ற உங்கள் காரைப் பின்னால் வந்த வேன் இடித்ததாகவும், மறுநாளே ஒரு நிறுவனம் அழைத்து, கார் திருத்தி முடியும்வரை ஒரு சதமும் வாங்காமல் வேறு கார் தருவதாகச் சொன்னதாகவும் எழுதி, கையெழுத்து வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வைக்க வேண்டாம். முதலில் உங்கள் சொந்தக் காப்புறுதி நிறுவனத்துடன் பேசுங்கள்.

இதை இங்கே கிரெடிட் ஹயர் என்பார்கள். நாள் வாடகை உங்கள் பெயரில் கடனாக ஏறிக்கொண்டே போகும். அதை மோதியவரின் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து உங்கள் பெயரிலேயே அறவிட முயல்வார்கள். அந்த நிறுவனம் கொடுக்க மறுத்தால் வழக்காளி நீங்கள்தான். பிழையில் பாதி உங்களுடையது என்று முடிவானால், வாடகையிலும் பாதி கிடைக்காது.

2017இல் வெம்பிளியில் தரித்து நின்ற என் காரை ஒருவர் இடித்தபோது, இரண்டு மணித்தியாலத்தில் மாற்றுக் கார் வாசலுக்கு வந்துவிட்டது. கொண்டுவந்த இளைஞர் மழையில் நின்றபடி டேப்லெட்டை நீட்டினார். திரையில் எனக்குத் தெரிந்தது கையெழுத்துக் கட்டம் மட்டுமே. நாளொன்றுக்கு 84 பவுண் என்பதை இரவு வந்த மின்னஞ்சலில்தான் கண்டேன். உதிரிப்பாகம் வரத் தாமதமாகி 49 நாட்கள் கடந்தன; கணக்கு 4,116 பவுணில் நின்றது.

அடுத்த ஆண்டு, இத்தகைய பண வழக்குகளை விசாரிக்கும் கவுண்டி கோர்ட்டுக்குப் போக நேர்ந்தபோது, மூன்று மாத வங்கி அறிக்கைகளையும் சம்பளச் சீட்டுகளையும் கேட்டார்கள். காரணம், 2003இல், அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை லாக்டன் எதிர் ஓ'கோனர் வழக்கில் அளித்த தீர்ப்பு: கையில் பணமில்லாமல் கடன் வாடகையைத் தவிர வேறு வழியற்றவர் முழுத் தொகையையும் கோரலாம், வசதியுள்ளவருக்குச் சாதாரண வாடகைக் கடையின் விலை மட்டுமே கிடைக்கும். வீட்டு முற்பணத்துக்காக நான் சேர்த்திருந்த பணம் கணக்கில் கிடந்ததால், எனக்கு அந்தக் குறைந்த விலையே தீர்ப்பானது. மீதியை என்னிடம் கேட்காமல் விட்டது, ஒப்பந்தத்தோடு இணைந்திருந்த ஒரு காப்புறுதியினால்தான். எல்லா ஒப்பந்தத்திலும் அது இருக்குமென்று நம்பிவிடாதீர்கள்; இருந்தாலும், நீங்கள் ஆவணங்களைக் கொடுக்கத் தவறினாலோ உண்மையை மறைத்தாலோ அது கைகொடுக்காது.

சொந்தக் காப்புறுதி நிறுவனமே உங்களை இத்தகைய இடத்துக்குக் கைமாற்றிவிடுவதும் உண்டு. ஆகவே, தரப்படுவது கேர்ட்டசி காரா, அதாவது உங்கள் பொலிசியின்படி கிடைக்கும் மாற்றுக் காரா, அல்லது கிரெடிட் ஹயரா என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எதிர்த்தரப்பு நிறுவனம் தானே கார் தருவதாகக் கடிதம் போட்டால் அதை ஒதுக்கிவிடாதீர்கள்; காரணமின்றி மறுத்தீர்கள் என்று நீதிபதி கருதினால் தொகை வெட்டப்படும். வீட்டில் இன்னொரு கார் சும்மா நின்றாலும், வாடகைக் கார் ஏன் தேவைப்பட்டது என்று கேட்பார்கள்.

வேலைக்குக் கார் கட்டாயம் வேண்டும், கையிலும் பணமில்லை, வேறு காரும் கிடைக்கவில்லை என்றால் இந்த ஏற்பாடு உங்களுக்கு உதவும். அப்படியானால் முழு ஒப்பந்தத்தையும் வாங்கி, நாள் வாடகை எவ்வளவு, அறவிட முடியாத மீதி யார் பொறுப்பு என்பவற்றைப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள். பின்பு வாரம் ஒருமுறை கராஜுக்கு அழைத்து, அவர்கள் சொல்லும் திகதியைக் குறித்து வையுங்கள். 49 நாட்கள் ஏன் ஆயின என்று நீதிமன்றத்தில் கேட்டபோது, காட்டுவதற்கு என்னிடம் ஒரு குறிப்பும் இருக்கவில்லை.