முதலில் வரைபடம், பிறகு தீப்பிழம்பு

வாசகர் கேள்வி – பதில்
பதில் எழுதுபவர்: குன்னூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஹவாயிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் துறைமுகமான பேர்ல் ஹார்பரை 1941 டிசம்பரில் ஜப்பான் தாக்கியது பற்றிய, பக்கத்துக்குப் பக்கம் படங்கள் உள்ள பழைய புத்தகம் ஒன்றை ஊட்டியில் வாங்கித் தந்தேன். அன்றிலிருந்து அதைக் கீழே வைப்பதில்லை. எரிகிற கப்பலையும் குண்டு போடுகிற விமானத்தையும் பார்த்துப் பார்த்து வரைகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. புத்தகத்தை எடுத்து வைத்துவிடலாமா, டீச்சர்? – அருவங்காட்டிலிருந்து ஒரு தாய்

வேண்டாம் அம்மா, படிக்கட்டும். உங்கள் ஊரிலேயே கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளுகிற மருந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே தயாராகிறது. அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பலர் என்னிடம் படித்தவர்கள். வெடிமருந்தைப் பற்றி வீட்டில் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். போர்ப் பாடத்தை வகுப்பிலேயே மிகவும் நிதானமாகக் கேட்டவர்களும் அவர்கள்தான். போர் என்று ஒன்று இருப்பதை உங்கள் மகனிடமிருந்து மறைக்க முடியாது. புத்தகத்தைப் பார்க்கிற வரிசையை மட்டும் மாற்றிக்கொடுங்கள்.

முதலில் வரைபடத்துக்குப் போகச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட புத்தகங்களில் உயிரே அதில்தான் இருக்கிறது. பிள்ளைகள் அதைத்தான் புரட்டிவிட்டுப் போகிறார்கள். ஜப்பானுக்கு வடக்கே குரில் தீவுகளில் ஹிட்டோகப்பு விரிகுடாவைத் தேடட்டும். 1941 நவம்பர் 26 அன்று அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, ஸுயிகாகு என்ற ஆறு விமானந்தாங்கிக் கப்பல்கள் அங்கிருந்துதான் புறப்பட்டன. ஹவாய்க்குப் போக ஏன் அவ்வளவு வடக்கே ஏறினார்கள்? குளிர்காலத்து வட பசிபிக் கொந்தளிப்பானது; சரக்குக் கப்பல்கள் அந்த வழியைத் தவிர்க்கும். கண்ணில் படாமல் போவதற்காக அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டார்கள். இதை அவனே விரலால் தொட்டுத் தொடர்ந்து கண்டுபிடிக்கட்டும்.

அடுத்து துறைமுகத்தின் வரைபடம். நடுவில் ஃபோர்டு தீவு, அதன் ஓரமாக இரண்டிரண்டாகக் கட்டிய போர்க்கப்பல்கள், வெளியே போக ஒரே குறுகிய வாய். நீரின் ஆழம் சுமார் 12 மீட்டர்தான். விமானத்திலிருந்து விழுகிற டார்பிடோ (நீருக்கடியில் ஓடிக் கப்பலைத் தாக்கும் குண்டு) பொதுவாக அதைவிட ஆழத்துக்குப் போய்த்தான் நிமிர்ந்து ஓடும். அங்கே போட்டால் சேற்றில் குத்தி நின்றுவிடும் என்று அமெரிக்கர்கள் நம்பியிருந்தார்கள். ஜப்பானியர்கள் டார்பிடோவின் வாலில் மரத் துடுப்புகளைப் பொருத்தி அந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். கப்பலைத் துளைக்கும் குண்டுகளை, பெரிய கடற்படைப் பீரங்கிக் குண்டுகளை மாற்றியமைத்துச் செய்தார்கள். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு எரிகிற கப்பலின் படத்துக்கு வருகிற சிறுவன், யாரோ பல நாள் உட்கார்ந்து யோசித்துக் கணக்குப் போட்டதன் விளைவாக அந்தத் தீயைப் பார்ப்பான். வாணவேடிக்கையாகப் பார்க்க மாட்டான்.

இன்னொரு பழக்கமும் சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே உள்ள குறிப்பைப் படித்து, அது புகைப்படமா ஓவியமா என்று பார்க்கட்டும். வண்ணத்தில் பளிச்சென்று இருப்பவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்தில் ஓவியர் வரைந்தவை. அவர் ஆவணங்களைப் பார்த்துத்தான் வரைந்திருப்பார். ஆனாலும் விமானம் எந்தக் கோணத்தில் அழகாகத் தெரியும் என்பதையும் யோசித்திருப்பார். புகைப்படம் என்றால், கேமரா யார் கையில் இருந்தது என்று கேட்கட்டும். தாக்குதல் தொடங்கிய நிமிடங்களில் போர்க்கப்பல் வரிசையை வானத்திலிருந்து காட்டுகிற புகழ்பெற்ற படம் ஜப்பானிய விமானத்திலிருந்து எடுத்தது. அதில் மனிதர்களே தெரிவதில்லை. கப்பல்கள் தெரிகின்றன, நீரில் வட்ட வட்டமாக அலை பரவுவது தெரிகிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அவ்வளவுதான் தெரியும்.

அவன் வரைய ஆசைப்பட்டால் டோரிஸ் மில்லரை வரையச் சொல்லுங்கள். வெஸ்ட் வர்ஜீனியா கப்பலின் உணவறைப் பணியாளர். கறுப்பினத்தவர்களுக்குக் கடற்படையில் அநேகமாக அந்த வேலை மட்டுமே கிடைத்த காலம். காயம்பட்ட தன் கேப்டனைத் தூக்கிச் செல்ல உதவிய பிறகு, பயிற்சியே பெறாத இயந்திரத் துப்பாக்கியின் பின்னால் நின்று விமானங்களை நோக்கிச் சுட்டார். 1942 மே மாதம் அவருக்கு நேவி கிராஸ் பதக்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டே வேறொரு கப்பல் மூழ்கியபோது இறந்துபோனார்.

பேர்ல் ஹார்பரில் அமெரிக்கர்களிடம் ராடார் இருந்தது. தாக்குதலுக்கு முன்பே ஒரு நீர்மூழ்கியையும் மூழ்கடித்திருந்தார்கள் என்று படித்தேன். பிறகும் எப்படி எதிர்பாராத தாக்குதல் என்கிறார்கள்? – குன்னூர், ப்ளஸ் டூ மாணவி

உன் கேள்வியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இந்த வரலாற்றின் மையமே இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையை மணிவாரியாகப் பார்க்கலாம்.

6.45 மணி அளவில், துறைமுக வாயிலருகே வார்டு என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் ஜப்பானின் குறுநீர்மூழ்கி ஒன்றை (இருவர் மட்டும் போகும் சிறு நீர்மூழ்கிக் கப்பலை) சுட்டு மூழ்கடித்துவிட்டுத் தகவல் அனுப்பியது. தகவலைப் பெற்றவர்கள் நம்பவில்லை. உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். (2002ஆம் ஆண்டு அந்தக் குறுநீர்மூழ்கியைக் கடலடியில் கண்டுபிடித்தார்கள். வார்டு சுட்ட குண்டின் துளை அப்படியே இருந்தது.)

7.02 மணிக்கு ஓபானா ராடார் நிலையத்தில் இரண்டு இளம் சிப்பாய்கள் திரையில் ஒரு பெரிய கூட்டத்தைப் பார்த்தார்கள். 7 மணிக்கே கருவியை அணைத்திருக்க வேண்டும். காலை உணவுக்கு அழைத்துப்போகும் லாரி வரத் தாமதமானதால் அதை இயக்கிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டம் சுமார் 212 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. குன்னூரிலிருந்து நேர்கோடு போட்டால் ஏறக்குறைய திருச்சி. அவ்வளவு தூரத்திலேயே பிடித்துவிட்டார்கள்! உடனே தொலைபேசியில் சொன்னார்கள். மறுமுனையில் இருந்த அதிகாரிக்கு அந்தப் பணியில் அது இரண்டாவது நாள்தான். அமெரிக்காவிலிருந்து தங்கள் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் அன்று காலை வரவிருந்தது அவருக்குத் தெரியும். அவைதான் என்று நினைத்து, கவலைப்பட வேண்டாம் என்றார்.

7.55க்குக் குண்டுகள் விழுந்தன.

இன்னும் இருக்கிறது. நவம்பர் 27 அன்றே வாஷிங்டனிலிருந்து போர் எச்சரிக்கை வந்திருந்தது. ஹவாய்த் தரைப்படைத் தளபதி ஷார்ட், உள்ளூர் ஆட்களின் நாசவேலைக்குத்தான் அஞ்சினார். காவல் காப்பது எளிது என்று விமானங்களை இறக்கையோடு இறக்கை உரசும்படி வரிசையாக நிறுத்திவைத்தார். வானிலிருந்து வந்தவர்களுக்கு அதைவிட வசதியான இலக்கு கிடைத்திருக்காது. அன்று காலை வாஷிங்டனிலிருந்து தரைப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் மார்ஷல் அனுப்பிய கடைசி எச்சரிக்கை, ராணுவ வானொலித் தொடர்பு சரியில்லாததால் தனியார் தந்தி நிறுவனம் வழியாகப் போனது. மோட்டார் சைக்கிளில் அந்தத் தந்தியைக் கொண்டுபோன இளைஞர் தடாவோ ஃபூச்சிகாமி, ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்தவர். குண்டுமழையிலும் சாலைத் தடைகளிலும் சிக்கி அவர் போய்ச் சேர்ந்தபோது தாக்குதலே முடிந்திருந்தது.

ஆகவே தகவல் இல்லாமல் யாரும் ஏமாறவில்லை, அம்மா. தகவல் ஆளுக்கொரு துண்டாகக் கிடந்தது. அவற்றைச் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் இல்லை. ஜப்பான் அவ்வளவு தூரம் வரும் என்ற எண்ணமும் இல்லை. அன்றைய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு எல்லாம் தெரியும், வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. பல விசாரணைகள் நடந்தன. அதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. நான் அதை ஏற்பதில்லை. அந்தக் கதையை நம்பிவிட்டால், மேலே சொன்ன ஒவ்வொரு தவறிலிருந்தும் கற்க வேண்டியதைக் கைவிட்டுவிடுவோம்.

நான் வெலிங்டனில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஹவில்தார். இந்தத் தாக்குதலை ஜப்பானின் மாபெரும் வெற்றி என்றே கேள்விப்பட்டிருக்கிறேன். உங்கள் கருத்து?

அன்றைய தினத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் கேட்டது சரி, ஐயா. இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு அலைகளாக வந்த 350க்கும் மேற்பட்ட விமானங்கள் எட்டுப் போர்க்கப்பல்களையும் சேதப்படுத்தின, நான்கு மூழ்கின. அமெரிக்கத் தரப்பில் 2,403 பேர் இறந்தார்கள். அரிசோனா கப்பலில் மட்டும் 1,177 பேர். ஜப்பான் இழந்தது 29 விமானங்களும் ஐந்து குறுநீர்மூழ்கிகளும்.

ஆனால் தாக்காமல் விட்டவற்றைப் பாருங்கள். அமெரிக்காவின் விமானந்தாங்கிகள் ஒன்றுகூடத் துறைமுகத்தில் இல்லை. கரையில் சுமார் 45 லட்சம் பீப்பாய் எண்ணெய் திறந்தவெளித் தொட்டிகளில் நின்றது, அதைத் தொடவில்லை. கப்பல் பழுதுபார்க்கும் துறைகள், நீர்மூழ்கித் தளம் எல்லாம் தப்பின. ஜப்பானியக் கப்பல் படையை நடத்திவந்த அட்மிரல் நகுமோ மேலும் ஒரு தாக்குதலுக்கு விமானங்களை அனுப்பாமல் திரும்பிவிட்டார். அரிசோனா, ஓக்லஹோமா தவிர மற்ற ஆறு போர்க்கப்பல்களும் பழுது நீங்கிப் பணிக்குத் திரும்பின. அவற்றில் ஐந்து, 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸின் சுரிகாவோ நீரிணையில் ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்து நின்றன. ஹவாய்க்குப் போன ஆறு விமானந்தாங்கிகளில் நான்கு, ஆறே மாதத்தில் மிட்வே தீவருகே நடந்த சண்டையில் மூழ்கின. மற்ற இரண்டும் 1944இல். என் கணிப்பில் அது ஒரு நாள் வெற்றி. அந்த நாளுக்கு ஜப்பான் கொடுத்த விலை பேரழிவு.

வெஸ்ட் வர்ஜீனியாவை 1942இல் மிதக்கவைத்தபோது, நீர் புகாத ஓர் அறையில் மூன்று மாலுமிகளின் உடல்கள் கிடைத்தன. அங்கிருந்த நாட்காட்டியில் டிசம்பர் 23 வரை தேதிகளை அடித்து வைத்திருந்தார்கள். எந்தப் புத்தகத்தில் கப்பல் சேதப் பட்டியலைப் பார்த்தாலும் எனக்கு அந்த நாட்காட்டிதான் நினைவுக்கு வருகிறது.

சில புத்தகங்களில் டிசம்பர் 7, சிலவற்றில் டிசம்பர் 8. எது சரி? – கூடலூர் வாசகர்

இரண்டும் சரி. ஹவாயில் 7ஆம் தேதி காலை. அதே நேரம் ஜப்பானில் 8ஆம் தேதி. நடுவே சர்வதேசத் தேதிக் கோடு ஓடுகிறது.

இதனால் ஒன்று மறைந்துபோகிறது. மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது அங்கே 8ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின். தேதியைப் பார்த்தால் மறுநாள் போலத் தோன்றும். உண்மையில் அது பேர்ல் ஹார்பருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தியது. அந்தக் கடற்கரையில் எதிர்த்துச் சண்டையிட்டவர்கள் டோக்ரா ரெஜிமென்டைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள். அந்த மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்த நம் தமிழ்த் தொழிலாளர்களைப் பின்னர் ஜப்பானியர்கள் ஆயிரம் ஆயிரமாக சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு ஓட்டிச்சென்றார்கள். பலர் திரும்பவில்லை. ஹவாயைப் பற்றிய படப் புத்தகங்களில் அவர்களுக்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

நாங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். கொழும்பில் ஒரு பண்டிகை நாளன்று ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்று என் பாட்டி சொல்வார். வீட்டில் யாரும் நம்புவதில்லை. உண்மையா? – கோத்தகிரி வாசகி

முழு உண்மை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. வந்தவர்களும் புதியவர்கள் அல்லர். அதே நகுமோ, ஆறில் ஐந்து விமானந்தாங்கிகள், முன்னணியில் பேர்ல் ஹார்பரில் முதல் அலையை நடத்திய அதே விமானி ஃபூச்சிடா.

இந்த முறை திடீர்த் தாக்குதல் முழுதாகப் பலிக்கவில்லை. முந்தின நாள் ஏப்ரல் 4 அன்று, கனடா நாட்டு விமானி லியனார்ட் பர்ச்சால் தன் காட்டலினா வேவு விமானத்திலிருந்து அந்தக் கப்பல் கூட்டத்தைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் செய்தி அனுப்பிவிட்டார். பிடிபட்டுப் போர் முடியும் வரை கைதியாக இருந்தார். அந்தச் செய்தியால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்கூட்டியே வெளியேறின. ஆனாலும் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. டெனடோஸ், ஹெக்டர் ஆகிய கப்பல்கள் அங்கேயே மூழ்கின. அன்றே நடுக்கடலில் கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர்கள் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை. அந்த ஏப்ரலில்தான் சென்னை நகரமே பயத்தில் காலியானது.

பாட்டி இருக்கிறார் என்றால் உடனே பக்கத்தில் உட்காருங்கள். அப்போது எங்கே இருந்தார், மலைத்தோட்டத்திலா கொழும்பிலா, செய்தி எப்படி வந்தது, அன்று வேலை நடந்ததா, அரிசி கிடைத்ததா என்று கேட்டு எழுதுங்கள். அவருடைய சொற்களைத் திருத்தாமல் எழுதுங்கள். கொழும்புத் தாக்குதலைப் பற்றி விமானிகளும் அட்மிரல்களும் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கீழே நின்று பார்த்த தமிழ்ப் பெண் சொன்னதாக நான் அதிகம் படித்ததில்லை. எழுதியதை இந்தப் பகுதிக்கு அனுப்பினால் கட்டாயம் வெளியிடச் சொல்வேன்.

1914இல் சென்னையைத் தாக்கிய எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இருந்தாரா? – ஊட்டி வாசகர்

இல்லை. எம்டன் செப்டம்பர் 22 இரவு வந்து, கடற்கரையோரம் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். அந்தக் கப்பல் புறப்பட்டது சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவோவிலிருந்து. செண்பகராமன் அந்த நாட்களில் ஐரோப்பாவில், ஸூரிச்சில் இருந்தார். பிறகு பெர்லின் போனார். அவர் விடுதலைக்காகச் செய்த வேலை ஏராளம். அதைப் போற்ற அவரைக் கப்பலில் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை.