வெயில் ஏன் இப்படிக் கூடுது? கேட்டவங்களுக்குப் பதில்

பல்லடத்திலிருந்து: ஏனுங்க, ஓசோன்ல ஓட்டை விழுந்ததாலதான் இப்படி வேகுதுங்களா?

இல்லீங்க, நிறையப் பேர் இப்படித்தான் நினைச்சிட்டிருக்காங்க. ஓசோன் குறைஞ்சா புற ஊதாக் கதிர் கூடும், அது வேற பிரச்சினை. பூமி சூடாகுறதுக்கு முக்கியக் காரணம் நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிச்சு வர்ற கார்பன் டை ஆக்சைடு. வெயில் உள்ள வர்றதை அது தடுக்காது, தரையிலிருந்து திரும்பிப் போற அனலைப் பிடிச்சு வெச்சுக்கும். தொழிற்புரட்சிக்கு முன்னாடி பத்து லட்சம் பங்கு காத்துல 280 பங்கு இருந்தது, இப்ப 420ஐத் தாண்டிருச்சு.

நாமக்கல்லிலிருந்து: அண்ணா, கோடையில முட்டை ஓடு மெலிசாகி, எடுக்கும்போதே உடையுது. தீனியில கிளிஞ்சல் சேர்த்தும் சரியாகலை. இதுக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இருக்கா?

நிச்சயமா இருக்கு தம்பி. கோழிக்கு வேர்வைச் சுரப்பி கிடையாது. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷெட்டுக்குள்ள நின்னு பாருங்க. வாயைத் திறந்து, றெக்கையை உடம்போட ஒட்டாம விரிச்சு, தொண்டை துடிக்கத் துடிக்க மூச்சு வாங்கும். அப்படி வாங்கும்போது ரத்தத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளிய போயிடும். முட்டை ஓடுங்கிறது கால்சியம் கார்பனேட். அதுல கார்பனேட் அந்தக் கார்பன் டை ஆக்சைடுலிருந்துதான் வரணும். நீங்க கால்சியத்தைப் போடுறீங்க, கார்பனேட்டுக்குக் கோழி எங்க போகும்? தீனியும் சரியா எடுக்காது. அதனால கிளிஞ்சல் மட்டும் போதாது. கூரைக்கு வெள்ளையடிங்க, தண்ணி டேங்கையும் பைப்பையும் வெயில் படாம மூடுங்க, தீனியை விடியக்காலையிலயும் பொழுது சாஞ்ச பிறகும் வைங்க.

ஒரு கோடையை மட்டும் காட்டி, எல்லாம் புவி வெப்பமாதல்னு சொல்லக்கூடாது. ஆனா அளந்து பதிவு பண்ணின வருசங்கள்லயே உலகம் அதிகமாச் சூடானது 2024தான். ராத்திரியும் தணியாமப் போறது கோழிக்கு இன்னும் கொடுமை.

பொள்ளாச்சியிலிருந்து: மழை வந்தா ஒரே நாள்ல கொட்டுது, இல்லாட்டி மாசக்கணக்காக் காயுதுங்களே?

காத்து 1 டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்குமுங்க. கொட்டினா மொத்தமாக் கொட்டும். காயும்போது அதே காத்து மண்ணுல இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கும். மழை பொய்க்கிறது நமக்குப் புதுசில்லை, 2016ல வடகிழக்குப் பருவமழை பாதிகூடப் பெய்யலை. எங்க தோட்டத்துல குரும்பை கொட்டி, மட்டை தொங்கின பிறகு லாரித் தண்ணி ஊத்தினோம். அந்த மாதிரி வருசம் இனி வந்தா, கூடின சூட்டுல இன்னும் சீக்கிரமாக் காயும்.

காங்கேயத்திலிருந்து: மாடும் காரணம்கிறாங்க. எங்க மாட்டை வித்துறணுங்களா?

வேண்டாமுங்க. அசைபோடுற மாடு ஏப்பத்துல மீத்தேன் விடுறது உண்மைதான். ஆனா அது பத்துப் பன்னெண்டு வருசத்துல கரைஞ்சிரும், நிலக்கரி எரிச்சு வர்ற கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கா நிக்கும். கொறங்காட்டுல, அதான் நம்ம மேய்ச்சல் நிலத்துல, மேயற ரெண்டு மாட்டையும் அனல் மின் நிலையத்தையும் ஒரே தட்டுல வெக்கறது நியாயமில்லை. கொறங்காட்டை மட்டும் மனை போட்டுக் குடுத்துறாதீங்க. வேல மரமும் கொழுக்கட்டைப் புல் வேரும் கார்பனை மண்ணுக்குள்ள பிடிச்சு வெச்சிருக்கு.