எல்லாம் பச்சை என்றார்கள், கடைசி மூன்று வாரத்தில் சிவப்பானது

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடம் ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்தேன். நான்கு மாதம் முன்பு, பல ப்ராஜெக்ட்களைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் ப்ரோகிராம் மேனேஜர் ஆனேன். ஒரு ஜவுளிக்கடை நிறுவனத்தின் எல்லாக் கிளைகளுக்குமான வேலை. பில்லிங், ஸ்டாக், கொள்முதல், கணக்கு, பழைய டேட்டாவை மாற்றுவது என்று ஐந்து ப்ராஜெக்ட். தீபாவளிக்கு ஐந்து வாரம் முன்பு கோ-லைவ், அதாவது கடைகளில் புது மென்பொருள் ஓடத் தொடங்கும் நாள். வாராவாரம் ஐந்து டீம் லீடுகளும் பச்சை (எல்லாம் சரியாகப் போகிறது) என்றே ஸ்டேட்டஸ் அனுப்பினார்கள். இப்போது கோ-லைவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. பில்லிங், ஸ்டாக், டேட்டா மூன்றும் ஒரே நாளில் சிவப்பாகிவிட்டன (சொன்ன தேதிக்கு முடியாது). ஆறு பேர் உள்ள பில்லிங் டீமுக்குக் கூடுதலாக எட்டுப் பேர் தருகிறோம், தேதியைக் காப்பாற்று என்கிறது மேலிடம். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த எட்டுப் பேர் விஷயம். அதற்குத்தான் நீங்கள் நாளையே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர்களை பில்லிங் கோடு எழுத உட்கார வைக்காதீர்கள். ஐபிஎம்மில் 1960களில் ஓஎஸ்/360 என்ற மிகப் பெரிய மென்பொருள் வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான வேலையில் ஆட்களைச் சேர்த்தால் தாமதம் இன்னும் கூடும் என்று 1975இல் எழுதினார். காரணம் எளிமையான கணக்கு. ஆறு பேர் இருக்கும் இடத்தில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் வழிகள் 15. பதினான்கு பேர் ஆனால் 91. போதாததற்கு, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களே உங்களிடம் இருக்கும் நல்ல கைகள்தான். மூன்று வாரத்தில் முதல் வாரம் அதிலேயே போய்விடும்.

அதற்காக ஆட்களே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு மூன்று பேரை மட்டும் கேளுங்கள். எழுதி வைத்த டெஸ்ட் கேஸ்களை ஓட்டுவது, டெஸ்ட் டேட்டா தயாரிப்பது, உங்கள் அனுபவசாலிகளின் நேரத்தைத் தின்னும் மற்ற சப்போர்ட் டிக்கெட்டுகளை (பயனர்கள் அனுப்பும் புகார்களை) கையில் எடுத்துக்கொள்வது போன்ற வேலைகளை அவர்களிடம் கொடுங்கள். பழைய ஆறு பேருக்கும் முழு நாளும் கிடைத்தால் அதுவே பெரிய உதவி.

அடுத்த இரண்டு நாளில் ஐந்து லீடுகளோடும் தனித்தனியாக உட்காருங்கள், பச்சையாக இருக்கும் இரண்டு பேரோடும் சேர்த்துத்தான். எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்காதீர்கள். 90 சதவீதம் என்பது ஒரு மாதம்கூட 90 சதவீதமாகவே நிற்கும். எந்த வேலை டெஸ்டிங்கில் தேறியிருக்கிறது, கடைக்காரர் தரப்பில் யார் அதைப் பார்த்துச் சரி என்றார்கள் என்று கேளுங்கள். பிறகு, எல்லாம் நல்லபடி நடந்தால் எந்தத் தேதி, வழக்கம்போல் இரண்டு தடங்கல் வந்தால் எந்தத் தேதி என்று இரண்டு தேதி வாங்குங்கள். ஒரே தேதி கேட்டால் நீங்கள் கேட்க விரும்புவதைத்தான் சொல்வார்கள்.

அந்தத் தேதிகள் கையில் வந்ததும் கிளையன்டிடம் போங்கள். மன்னிப்போடு மட்டும் போகாமல், அவர்கள் முடிவெடுக்கத் தோதாக ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் வேலையை இரண்டாகப் பிரிப்பேன். கொள்முதலும் கணக்கும் சொன்ன தேதியில் போகட்டும். பில்லிங்கும் ஸ்டாக்கும் தீபாவளி முடிந்து, ஒரு சின்னக் கிளையில் தொடங்கட்டும். இப்படிப் பிரித்தால் டேட்டா டீமின் சுமையும் பாதியாகும். சப்ளையர் பட்டியலும் கணக்கு நிலுவைகளும் மட்டும் இப்போது வந்தால் போதும், ஆயிரக்கணக்கான புடவை ரகங்களின் ஸ்டாக் பிறகு வரலாம். இதில் இருக்கும் கஷ்டத்தையும் மறைக்காமல் எழுதுங்கள்: சில வாரம் சரக்கு வரவை இரண்டு இடத்தில் பதிய வேண்டியிருக்கும், அன்றன்றைய விற்பனைத் தொகையைக் கணக்கில் கையால் ஏற்ற வேண்டியிருக்கும்.

மொத்தத்தையும் மூன்று நான்கு வாரம் தள்ளிப்போடலாமே என்று யாராவது சொல்வார்கள். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவே கூடாது. அப்படித் தள்ளினால் கோ-லைவ் தீபாவளிக் கூட்டத்தின் நடுவில் போய் விழும். வருடத்தின் பெரிய வியாபாரம் நடக்கும் நேரத்தில் பில் போடும் கவுன்டரில் கை வைப்பது அந்தக் கடைக்குச் செய்யும் துரோகம். ஜவுளிக்கடை முதலாளிக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை, உங்கள் மேலிடத்துக்குத்தான் விளக்க வேண்டியிருக்கும். எந்தத் தேதிக்குள் முடிவு சொன்னால்தான் இந்த வழி சாத்தியம் என்பதையும் அந்தப் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் விஷயம். மூன்று ப்ராஜெக்ட் ஒரே நாளில் கெடாது. கெட்டது எப்போதோ தெரிந்திருக்கும், உங்களிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ஒரு டெஸ்டிங் லீட் ஒருமுறை இரண்டு மாதம் முன்னதாகவே என்னிடம் ஆபத்தைச் சொன்னார். நான் பத்துப் பேர் முன்னால், பிரச்சினையைக் கொண்டுவராதே, தீர்வைக் கொண்டு வா என்றேன். அன்றோடு அந்த அறையில் கெட்ட செய்தி வருவது நின்றுபோனது. எல்லாம் பச்சையானது. அந்த வேலை எட்டு மாதம் தாமதமாக முடிந்தது. அந்தப் பழியை நான் இன்றும் என் பெயரில்தான் எழுதிக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு வாங்குவதற்கான ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் ஆறு பேர். அந்த வருட வசந்த காலத்திலேயே வெளி ஆலோசகர்கள் எச்சரித்திருந்தார்கள். முழுச் சோதனைக்கு நேரம் இல்லை, இறுதி முடிவெடுக்கும் ஒற்றை ஆள் யாரும் இல்லை என்பது அவர்கள் சொன்னதன் சாரம். எச்சரிக்கை இருந்தும் தேதி நகரவில்லை.

நாம் கற்க வேண்டியது அதன் பிறகு நடந்ததை. ஒரு நிறுவனத்தை மொத்த ஒருங்கிணைப்புக்குப் பொறுப்பாக்கினார்கள். தினமும் இரண்டு வேளை கூடிப் பேசினார்கள். கூகுளிலிருந்து வந்த மைக்கி டிக்கர்சன் அங்கே மூன்று விதிகளை வைத்தார். கூட்டம் பிரச்சினையைத் தீர்க்க மட்டுமே, யார் தவறு என்று பேச வேறு இடம் உண்டு. பதவியில் பெரியவர் பேசக் கூடாது, விஷயம் தெரிந்தவர்தான் பேச வேண்டும். அடுத்த ஓரிரு நாளில் நம்மைக் கடிக்கப்போகும் பிரச்சினையை மட்டும் எடுக்க வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தளம் வேலை செய்தது.

நம் அலுவலகங்களுக்கு இரண்டாவது விதிதான் கடினம். லீட் பேசும்போது அவர் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு வருட அனுபவப் பெண்ணுக்குத்தான் இரண்டு மென்பொருள்கள் தகவல் பரிமாறும் அந்த இன்டர்ஃபேஸ் ஏன் உடைகிறது என்று தெரியும். சார் சொல்லிவிட்டார், நாம் எப்படி மறுப்பது என்று இருந்துவிடுவார். திங்கள் முதல் தினமும் காலை 15 நிமிடக் கூட்டம் வையுங்கள். முதல் கேள்வியை அந்தப் பெண்ணிடம், பெயர் சொல்லிக் கேளுங்கள். அவர் கெட்ட செய்தி சொன்னால், சொன்னதற்கு நன்றி, இதற்கு என்னிடமிருந்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். மாலைக்குள் அதைச் செய்து கொடுங்கள். ஒரு வாரம் இப்படி நடந்தால் மற்றவர்களும் வாய் திறப்பார்கள்.

மூன்று லீடுகளில் ஒருவரையாவது மாற்று என்று மேலிடம் கேட்கக்கூடும். கோ-லைவ் முடியும்வரை யாரையும் மாற்றாதீர்கள். மாற்றினால், சிவப்பு என்று ஒப்புக்கொண்டதற்குக் கிடைத்த தண்டனை என்றுதான் மற்ற நால்வரும் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டேட்டஸ் மறுபடியும் முழுப் பச்சையாக வரும்.